தண்ணீரைச் சுழற்றும் காந்தம், காந்தத்தை வளர்க்கும் இரும்புக் கடல்

நம் மலேசியப் பள்ளிகளின் படிவம் ஐந்து இயற்பியல் புத்தகத்தில் இரண்டாம் அத்தியாயம் அழுத்தம். திரவம், மிதப்பு, பெர்னூலி எல்லாம் அங்கே வரும். நான்காம் அத்தியாயம் மின்காந்தவியல். மின்னோட்டம் ஓடும் கம்பியைக் காந்தப்புலம் எப்படித் தள்ளுகிறது, காந்தப்புலத்தில் கம்பியை அசைத்தால் எப்படி மின்சாரம் பிறக்கிறது என்று அதில் படிக்கிறோம். இந்த இரண்டு பாடங்களும் புத்தகத்தில் ஒன்றையொன்று எட்டிப் பார்ப்பதே இல்லை. கம்பிக்குப் பதிலாக மின்சாரம் கடத்தும் ஒரு திரவத்தை வைத்தால் என்ன ஆகும்? அதற்கென்றே ஒரு துறை இருக்கிறது: காந்தப் பாய்ம இயக்கவியல், சுருக்கமாக எம்.எச்.டி.

பெயர் பயமுறுத்துகிறது, ஆனால் அடிப்படை எளிது. சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை மாலைகளில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நாங்கள் நடத்தும் வகுப்பில் இதை ஒரு தட்டுத் தண்ணீரில் செய்து காட்டுவது வழக்கம். பாய்மம் என்றால் ஓடக்கூடியது எதுவும், திரவமாக இருக்கலாம், வாயுவாகவும் இருக்கலாம். அது மின்சாரம் கடத்த வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. உப்புத் தண்ணீர் கடத்தும். பாதரசம், உருகிய அலுமினியம், உருகிய இரும்பு ஆகியவை மிக நன்றாகவே கடத்தும். சூரியனில் இருப்பது போல, அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் கழன்றுபோன சூடான வாயுவும் கடத்தும். அதைத்தான் பிளாஸ்மா என்கிறோம்.

சரி, தட்டுக்கு வருவோம். தட்டையான கண்ணாடித் தட்டு அல்லது பிளாஸ்டிக் தட்டு ஒன்று. அதன் உள்விளிம்பைச் சுற்றி அலுமினியத் தாளை மடித்து ஒரு வளையம் போல வைக்க வேண்டும். நடுவில் ஓர் ஆணியை நிறுத்த வேண்டும். ஒரு கிளாஸ் தண்ணீரில் மூன்று கரண்டி உப்பைக் கரைத்து, அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றலாம். தட்டுக்கு அடியில் ஒரு வலுவான வட்டக் காந்தம். பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தமும் வேலை செய்யும். ஆனால் அதன் நடுவில் ஓட்டை இருக்கும், ஓட்டைக்கு நேர் மேலே புலத்தின் திசை தலைகீழாகிவிடும், பிள்ளைகளுக்குக் குழப்பம் வரும். ஓட்டையில்லாத காந்தம்தான் நல்லது. 9 வோல்ட் பேட்டரியின் ஒரு முனையை ஆணிக்கும் மறுமுனையை அலுமினிய வளையத்துக்கும் கிளிப் வயரால் இணைத்துவிட்டு, தண்ணீர் மேல் கொஞ்சம் மிளகுத்தூள் தூவினால் போதும்.

மிளகுத்தூள் முதலில் தயங்கும், அப்புறம் ஆணியைச் சுற்றி மெதுவாக நகரும், சில நொடிகளில் மொத்தத் தண்ணீரும் ஒரு சுழலாகச் சுற்றும். பேட்டரி முனைகளை மாற்றினால் சுழல் நின்று எதிர்ப்பக்கம் திரும்பும். காந்தத்தைக் கவிழ்த்து வைத்தாலும் அதேதான். இரண்டையும் சேர்த்து மாற்றினால் பழைய திசைக்கே வந்துவிடும். இதை ஊகித்துவிட்டுச் செய்து பார்க்கும்போது பிள்ளைகள் முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே இந்த வகுப்பை நடத்தலாம். (இருபது நொடி போதும், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். உப்புநீரில் மின்சாரம் பாய்ந்தால் கொஞ்சம் குளோரின் வாயு வரலாம். வீட்டுச் சுவர் பிளக் பக்கமே போகக் கூடாது. காந்தம் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது.)

"அக்கா, அப்படின்னா காந்தம் தண்ணியை இழுக்குதா?" என்று ஒரு மாணவி கேட்டாள். கேட்க வேண்டிய கேள்வி. இழுக்கவில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டால் காந்தம் அங்கேயே இருந்தும் தண்ணீர் ஓய்ந்துவிடும். தண்ணீருக்குள் உப்பின் அயனிகள் ஓடுவதுதான் இங்கே மின்னோட்டம். அது வளையத்துக்கும் ஆணிக்கும் இடையே, சக்கரத்தின் ஆரக்கால்கள் இருக்கும் திசையில் ஓடுகிறது. காந்தப்புலம் கீழிருந்து மேலே நிற்கிறது. விசை இந்த இரண்டுக்கும் செங்குத்தாகத்தான் வரும். அப்படியென்றால் மிச்சம் இருப்பது ஒரே திசை, ஆணியைச் சுற்றி வரும் திசை. பாடத்தில் படித்த ஃபிளெமிங் இடக்கை விதியேதான், கம்பி மட்டும் தண்ணீராக மாறியிருக்கிறது. தள்ளுவிசையைக் கணக்குப் போட்டால் மொத்தமும் கால் கிராம் எடைக்கு ஈடாகத்தான் வரும். ஆழமில்லாத தண்ணீரைச் சுழற்ற அதுவே போதும்.

இது பாதிக் கதை. மறுபாதியை மைக்கேல் ஃபாரடே 1832 ஜனவரியில் லண்டன் வாட்டர்லூ பாலத்தில் தேடிப் போனார். தேம்ஸ் நதித் தண்ணீரும் ஒரு கடத்திதான், பூமிக்கும் ஒரு காந்தப்புலம் உண்டு, எனவே ஓடும் நதியின் குறுக்கே மின்னழுத்தம் பிறக்க வேண்டும் என்பது அவர் நினைப்பு. பாலத்தின் மேல் சுமார் 290 மீட்டர் நீளத்துக்குச் செம்புக் கம்பி இழுத்து, இரு முனையிலும் உலோகத் தகடுகளைத் தண்ணீரில் தொங்கவிட்டார். நம்பத்தக்க விடை கிடைக்கவில்லை. தகடுகளுக்கும் தண்ணீருக்கும் இடையே நடக்கும் வேதிவினைகளே அவர் தேடியதை மூழ்கடிக்கும் அளவுக்கு மின்சாரத்தை உண்டாக்கிவிட்டன. நினைப்பு என்னவோ சரிதான். தண்ணீர் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடினால் அந்த அகலத்துக்குச் சுமார் 13 மில்லிவோல்ட் வர வேண்டும். அன்றைய கருவிகளைக் கொண்டு, அந்தத் தொந்தரவுகளுக்கு நடுவே, அதைப் பிரித்துப் பார்ப்பது நடக்காத காரியம். 1851இல் ஆங்கிலக் கால்வாயின் அடியில் போட்ட தந்திக் கம்பியில், கடல் ஏறி இறங்குவதற்கு ஏற்ப ஏறி இறங்கும் மின்னழுத்தம் தென்பட்டது.

இதே சோதனையைப் பக்கத்துக் கோலகங்சாரில் பேராக் ஆற்றின் குறுக்கே செய்தால்? ஃபாரடேயை விட நமக்கு இன்னும் கஷ்டம். ஆறு கிடையாக ஓடுகிறது. அதன் இரு கரைகளுக்கிடையே மின்னழுத்தம் வர வேண்டுமானால், காந்தப்புலம் மேலும் கீழுமாக ஆற்றை ஊடுருவ வேண்டும். லண்டனில் பூமியின் புலம் பெரும்பாலும் செங்குத்தாகத் தரைக்குள் இறங்குகிறது. நாமோ காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். இங்கே புலத்தின் அளவு சுமார் 42 மைக்ரோடெஸ்லா, ஆனால் அது ஏறக்குறைய தரைக்குக் கிடையாகவே போகிறது. செங்குத்தாக இருக்கும் பங்கு மிகச் சிறியது. புலத்தின் வலு மட்டும் போதாது, ஓட்டத்துக்கு அது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதும் முக்கியம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்கு வேறு உதாரணம் தெரியாது.

ஃபாரடேயின் நினைப்பு இன்று குழாய்களில் வேலை செய்கிறது. மின்காந்த ஓட்டமானி என்ற கருவியில் குழாயின் மேலும் கீழும் கம்பிச்சுருள்கள் இருக்கும், பக்கவாட்டில் இரண்டு மின்முனைகள் இருக்கும். உள்ளே ஓடும் திரவம் எவ்வளவு வேகமோ, அவ்வளவு மின்னழுத்தம். 10 சென்டிமீட்டர் குழாய், 5 மில்லிடெஸ்லா புலம், நொடிக்கு 1 மீட்டர் வேகம் என்றால் அரை மில்லிவோல்ட் வரும். ஃபாரடேயைக் கவிழ்த்த அதே தகட்டுத் தொந்தரவைத் தவிர்க்க, புலத்தின் திசையை விடாமல் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். புலத்தோடு சேர்ந்து மாறுவது ஓட்டத்தால் வந்தது, மாறாமல் நிற்பது வேதிவினையால் வந்தது என்று அப்போது பிரித்துவிடலாம். குழாய்க்குள் சுழலும் பாகம் ஒன்றும் இல்லாததால் சேறும் நாரும் கலந்த கழிவுநீரைக்கூட அளக்கலாம்.

ரப்பர் பாலையும் இந்தக் கருவியால் அளக்க முடியும். மரத்திலிருந்து வடியும் பாலில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், அதில் உப்புகள் கரைந்திருக்கின்றன, எனவே மின்சாரம் கடக்கும். செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலனுக்குப் போகும் சாதாரணத் தண்ணீரையும் வெளியேறும் கழிவுநீரையும் அளக்கலாம், எண்ணெயை மட்டும் அளக்க முடியாது. எண்ணெய்க்குள் ஓட அயனிகள் இல்லை. அதற்கு வேறு வகை மானி வேண்டும்.

இரண்டு பாதிகளையும் சேர்த்தால் மூன்றாவதாக ஒன்று கிடைக்கிறது. கடத்தும் திரவம் புலத்தின் குறுக்கே ஓடுகிறது, அதனால் அதற்குள் மின்னோட்டம் பிறக்கிறது, அந்த மின்னோட்டத்தைப் புலம் மீண்டும் தள்ளுகிறது, எப்போதும் ஓட்டத்துக்கு எதிராகவே தள்ளுகிறது. ஆக, காந்தப்புலம் திரவத்துக்கு ஒரு பிரேக். டென்மார்க்கைச் சேர்ந்த ஹார்ட்மன் 1937இல் பாதரசத்தைக் காந்தத்துக்கு நடுவே ஓடவிட்டு இதை முறையாக அளந்து எழுதினார். சாதாரணக் குழாயில் நடுவே வேகம் கூடுதலாகவும் சுவரோரம் குறைவாகவும் இருக்கும். புலம் வந்ததும் நடுப்பகுதி முழுக்க ஒரே வேகத்துக்கு வந்துவிடுகிறது, வேகம் குறைவதெல்லாம் சுவரையொட்டிய மெல்லிய அடுக்குக்குள் அடங்கிவிடுகிறது. எஃகை அச்சில் வார்க்கும்போது உருகிய உலோகம் சீறிப் பாயாமல் அடக்க இன்றும் இந்த பிரேக்கைப் பயன்படுத்துகிறார்கள்.

இதுவரை சொன்னதில் காந்தப்புலம் முதலாளி, திரவம் வேலையாள். புலம் தள்ளுகிறது, நிறுத்துகிறது, திரவம் அடங்கிப் போகிறது. ஆனால் திரவத்துக்குள் பிறக்கும் மின்னோட்டம் தானும் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குமே, அது மூலப் புலத்தை மாற்றாதா? மாற்றும். எவ்வளவு மாற்றும் என்பதில்தான் இந்தத் துறையின் உயிரே இருக்கிறது. அதைச் சொல்ல ஓர் எண் உண்டு: காந்த ரெய்னால்ட்ஸ் எண். திரவத்தின் கடத்துதிறன், அதன் வேகம், அது இருக்கும் இடத்தின் அகலம், வெற்றிடத்தின் காந்த மாறிலி ஆகிய நான்கையும் பெருக்கினால் கிடைப்பது அது. ஒன்றைவிட மிகச் சிறியதாக இருந்தால் திரவம் புலத்தை அசைக்க முடியாது. ஒன்றைவிட மிகப் பெரியதாக இருந்தால் திரவம் போகும் இடமெல்லாம் புலமும் போக வேண்டியதுதான்.

நம் தட்டுக்கு இந்த எண் ஒரு கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவு. அதனால்தான் எவ்வளவு சுழன்றாலும் அடியில் உள்ள காந்தத்தின் புலம் துளியும் வளையாது. தண்ணீருக்குப் பதில் உருகிய சோடியத்தை எடுத்து, 1 மீட்டர் அகலப் பாத்திரத்தில் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் சுழற்றினால் எண் நூறைத் தாண்டும். பூமியின் உள்ளே உருகிய இரும்பு நொடிக்கு அரை மில்லிமீட்டர் அளவில்தான் நகர்கிறது, நத்தையைவிட மெதுவாக. அகலமோ இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். எண் ஆயிரத்தை ஒட்டி வருகிறது. வேகத்தில் இல்லாத வலிமையை அளவு கொடுத்துவிடுகிறது. தட்டில் பார்த்ததை அப்படியே பெரிதாக்கினால் சூரியன் கிடைக்காது என்பதை வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

எண் மிகப் பெரிதாக இருக்கும் இடத்தில் காந்தப்புலக் கோடுகள் திரவத்துக்குள் உறைந்துபோனது போல நடந்துகொள்கின்றன. திரவம் நீண்டால் கோடு நீளும், திரவம் முறுக்கினால் கோடு முறுக்கும். அந்தக் கோடுகளை நம் ஊர் ரப்பராலான நாடாவாக நினைத்துக்கொள்ளலாம். இழுத்தால் விறைப்பு ஏறும், வளைத்தால் நேராகத் துடிக்கும். விறைப்பான நாடாவைச் சுண்டினால் அதில் ஓர் அதிர்வு ஓடும் இல்லையா, அதே மாதிரி புலக்கோட்டின் வழியே திரவத்தையும் சேர்த்து அசைத்துக்கொண்டு ஓர் அலை ஓட வேண்டும் என்று சுவீடனைச் சேர்ந்த ஹான்னஸ் ஆல்வேன் 1942இல் எழுதினார். கடத்தும் பொருளுக்குள் மின்காந்த அலை நுழையாது என்று எல்லாரும் படித்திருந்த காலம் அது, எனவே பலர் நம்பவில்லை. 1949இல் அதே நாட்டைச் சேர்ந்த லுண்ட்க்விஸ்ட் பாதரசத்தில் அந்த அலையை உண்டாக்கிக் காட்டினார். ஆல்வேனுக்கு 1970இல் நோபல் பரிசு கிடைத்தது. அலை அவர் பெயரிலேயே இருக்கிறது.

சூரியப் புள்ளிகள் ஏன் கறுப்பாக இருக்கின்றன என்பதற்கும் விடை இங்கேதான். 1908இல் அமெரிக்க வானியலாளர் ஜார்ஜ் ஹேல் அந்தப் புள்ளிகளில் வலுவான காந்தப்புலம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அது சுமார் 0.3 டெஸ்லா, நம் காலடியில் இருப்பதைப் போல ஏழாயிரம் மடங்கு. சூரியனின் மேற்பரப்பில் சூடான பிளாஸ்மா மேலே வந்து, ஆறி, கீழே இறங்கி, ஓயாமல் கொதித்துக்கொண்டே இருக்கிறது. வலுவான புலம் இருக்கும் இடத்தில் இந்தக் கொதிப்பு அடங்கிப்போகிறது. கீழிருந்து வெப்பம் வரத்து குறைகிறது. சுற்றியுள்ள பகுதி சுமார் 5,500 டிகிரி செல்சியசில் இருக்க, புள்ளி ஆயிரத்துச் சொச்சம் டிகிரி குறைந்து மங்கலாகத் தெரிகிறது. தனியாக எடுத்துப் பார்த்தால் அதுவும் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம்தான். (வெறும் கண்ணால் சூரியனைப் பார்க்கவே கூடாது, வடிகண்ணாடி இல்லாமல் தொலைநோக்கியிலும் கூடாது.)

நம் நாட்டிலேயே எம்.எச்.டி. பணத்தோடு மோதும் ஓர் இடம் உண்டு. சரவாக்கில், பிந்துலுவுக்கு அருகே சமாலாஜுவில் அலுமினிய உருக்காலை இருக்கிறது. பாக்குன் போன்ற அணைகளின் மின்சாரத்தை நம்பி வந்த ஆலை அது. இப்படிப்பட்ட ஆலைகளில் சுமார் 960 டிகிரி செல்சியசில் உருகிய உப்புக் குழம்பு மேலேயும் உருகிய அலுமினியம் கீழேயுமாக ஒரு தொட்டியில் நிற்கும். லட்சக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் இரண்டையும் ஊடுருவிக் கீழே போகும். அவ்வளவு பெரிய மின்னோட்டம் தன் புலத்தைத் தானே கொண்டுவருகிறது, அந்தப் புலம் அலுமினியத்தைத் தள்ளுகிறது, இரண்டு திரவங்களும் தொடும் பரப்பில் அலை கிளம்புகிறது. மேலே உள்ள கார்பன் மின்முனைக்கும் அலுமினியத்துக்கும் இடையே நான்கைந்து சென்டிமீட்டர்தான் இடைவெளி. அதைக் குறைத்தால் மின்சாரச் செலவு குறையும். ஆனால் குறைக்கக் குறைக்க அலை பெருகி, அலுமினியம் மின்முனையைத் தொட்டுவிடும் நிலை வந்துவிடுகிறது. உலகத்தில் அலுமினியம் செய்பவர்கள் எல்லாரும் இந்த அலையோடு பேரம் பேசித்தான் செலவைக் குறைக்கிறார்கள். தொட்டிக்கு வரும் மின்கடத்திகளை எந்தப் பக்கமாகக் கொண்டுபோவது என்பதை மட்டும் கணக்கிடத் தனி நிபுணர்கள் இருக்கிறார்கள். படிவம் ஐந்தின் நான்காம் அத்தியாயம் நன்றாகப் பிடித்துப்போன பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது.

கடல்நீரைக் காந்தத்தால் பின்னே தள்ளிக் கப்பலை ஓட்டுவதையும் முயன்றிருக்கிறார்கள். 1992இல் ஜப்பானின் யமாத்தோ-1 விசிறியே இல்லாமல் கோபே துறைமுகத்தில் ஓடியது. கடல்நீர் மோசமான கடத்தி என்பதால் மின்சாரத்தில் பெரும்பகுதி வீணாகிப்போகிறது, எனவே அது சோதனையோடு நின்றுவிட்டது.

பூமிக்குத் திரும்பலாம். பூமியின் காந்தம் நிலையான காந்தமாக இருக்க முடியாது. 770 டிகிரி செல்சியசுக்கு மேல் இரும்பு தன் நிலைகாந்தத் தன்மையை இழந்துவிடும், பூமியின் மையமோ பல ஆயிரம் டிகிரி. எப்போதோ வந்த புலம் மிச்சமாக நிற்கிறது என்றும் சொல்ல முடியாது. தானாக விட்டால் அது சில பத்தாயிரம் ஆண்டுகளில் கரைந்துவிடும். பழைய பாறைகளோ 300 கோடி ஆண்டுகளுக்கு முன்பே புலம் இருந்ததற்குச் சாட்சி சொல்கின்றன. அப்படியானால் யாரோ அதை ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடத்தும் திரவம்தான் அதைச் செய்கிறது என்று 1919இல் ஜோசப் லார்மோர் சூரியனையும் பூமியையும் சேர்த்துச் சொன்னார். சிறிதளவு புலம் இருந்தால் போதும். திரவம் அதை நீட்டி, முறுக்கி, மடித்து வளர்க்கிறது, கரைவதைவிட வளர்வது வேகமாக இருக்கும்வரை புலம் நிற்கும். இதற்கு டைனமோ என்று பெயர். இது சும்மா வரும் சக்தி அல்ல. 2,900 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே உள்ள இரும்புக் கடல், பூமி மெல்ல ஆறுவதாலும் அதன் அடியில் இரும்பு உறைந்து திட மையம் வளர்வதாலும் கொதித்துக்கொண்டே இருக்கிறது. அந்த அசைவின் சக்தியில் ஒரு பங்குதான் காந்தமாகிறது. அந்தப் புலம் சில லட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை வடக்கு தெற்காகப் புரண்டும் போகிறது. கடைசியாக முழுமையாகப் புரண்டது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன்.

இதை ஆய்வகத்தில் செய்து காட்ட 80 ஆண்டுகள் பிடித்தன. 1999இன் கடைசியில் லாட்வியாவின் ரீகாவிலும் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவிலும் உருகிய சோடியத்தைத் திட்டமிட்ட குழாய்ப் பாதைகளில் சுழலவிட்டபோது புலம் தானாக எழுந்தது. 2006இல் பிரான்சின் கடராஷில் குழாய்ப் பாதை இல்லாமல், ஓர் உருளைக்குள் இரண்டு விசிறிகளால் சோடியத்தைக் கொந்தளிக்கவிட்டார்கள். அங்கேயும் புலம் பிறந்தது. இரண்டு விசிறிகளையும் வேறுவேறு வேகத்தில் சுழற்றியபோது, பூமியைப் போலவே அந்தப் புலம் இருந்திருந்தாற்போல் திசை மாறிப் புரண்டது. ஆனால் அந்த விசிறிகள் இரும்பால் ஆனவை. காந்தமாகாத எஃகு விசிறிகளைப் போட்டபோது அதே பாத்திரத்தில் புலம் எழவில்லை. பூமிக்குள் விசிறி கிடையாது. இரும்பின் உதவி இல்லாமல், கொந்தளிக்கும் திரவம் மட்டுமே தன் புலத்தைத் தானே எழுப்புவதை ஒரு பாத்திரத்துக்குள் பார்க்க வேண்டும் என்றுதான் இப்போது இன்னும் பெரிய சோடியத் தொட்டிகளைக் கட்டிச் சுழற்றுகிறார்கள்.